சேஸ் வந்தாச்சு... பாடி கட்டியாச்சா?



நாமக்கல் பைபாஸில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். கம்பெனியிலிருந்து புத்தம் புதிய லாரி சேஸ் ஒன்று வரும. எஞ்சின் இருக்கும், சக்கரம் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும். மேலே ஒன்றும் இருக்காது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலும் தூசியும் முகத்தில் அடிக்க ஓட்டிக்கொண்டு வருவார். "வண்டிதான் ஓடுதே, இப்படியே லோடு ஏத்திடலாமே" என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். வண்டி நேராகப் பட்டறைக்குப் போகும். பாடி கட்டி, பெயின்ட் அடித்து, நம்பர் எழுதி, எஃப்.சி. காட்டி, அப்புறம்தான் ரோட்டுக்கு வரும்.

லாரிக்குத் தெரிந்த இந்த நியாயம், வை-ஃபை பெட்டிக்கு மட்டும் நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறோம். ஒயரைச் சொருகுகிறோம். பச்சை விளக்கு எரிகிறது. "வேலை முடிஞ்சுது" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். முடியவில்லை நண்பர்களே! சேஸ்தான் வந்திருக்கிறது. பாடி கட்டும் வேலை இனிமேல்தான் இருக்கிறது. அந்த வேலை டிப்ளமோ படிக்கும் நம்முடைய வேலை. இதுதான் என் கட்சி.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நல்ல தகுதி ஒன்றுமில்லை. தப்பு செய்தவன் என்கிற தகுதிதான்.

நடந்த கதை

போன வருஷம் நம் கருத்தரங்குக் கூடத்தில் ஒரு நிகழ்ச்சி. வை-ஃபை எடுக்கவில்லை, ஒரு பெட்டி வாங்கி மாட்டணும் என்றார்கள். நான்தான் முந்திக்கொண்டு போனேன். சேலத்தில் ஒரு கடையில் "வை-ஃபை பாக்ஸ் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் கூடத்தின் சுவரில் இருந்த நெட்வொர்க் பாயின்டிலிருந்து ஒயரை இழுத்து, பெட்டியின் பின்னால் வரிசையாக இருந்த துளைகளில் ஒன்றில் சொருகினேன். போனில் நெட் வந்தது. நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். நிகழ்ச்சி நன்றாக முடிந்தது. பெட்டி அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலை நம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு கம்பெனியின் வேலைவாய்ப்புத் தேர்வு. ஆன்லைனில் எழுத வேண்டும். நாற்பது பேர், நாற்பது சிஸ்டம். காலை சிஸ்டங்களை ஆன் செய்தபோது இருபத்து நான்கில் தேர்வுப் பக்கம் திறந்தது. பதினாறில் திறக்கவில்லை. ஒயர் சரி, விளக்கு சரி, பக்கத்து சிஸ்டத்தில் நெட் ஓடுகிறது. இதில் மட்டும் வரவில்லை.

"ஏம்ப்பா, ஒயரைப் புடுங்கி மாத்திப் போடு" என்றார் சார். மாற்றிப் போட்டோம். "ரீஸ்டார்ட் பண்ணு." பண்ணினோம். ஒன்று சரியானது, சரியாயிருந்த இன்னொன்று போய்விட்டது! நெட் கொடுத்தவருக்குப் போன் போட்டோம். "எங்க பக்கம் லைன் கிளியரா இருக்குங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் யாரும் நம்பவில்லை. கருத்தரங்குக் கூடத்தில் கிடந்த பெட்டியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான். அதைக் கண்டுபிடித்துப் பிடுங்கியபோது தேர்வு நேரம் முடிந்திருந்தது.

மறுவாய்ப்புக் கேட்டு துறைத் தலைவர் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்தப் பதினாறு பேரில் ஒருவன் பள்ளிபாளையம் பக்கத்து நண்பன். அப்பா, அம்மா இருவரும் தறி ஓட்டுகிறார்கள். முதல் நாள் ராத்திரி பூராவும் அவன் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் நான் போய், "டேய், அந்தப் பெட்டிய மாட்டுனது நான்தான்டா" என்று சொன்னேன். "தெரியும்டா, விடு" என்றான். அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னதான் ஆயிற்று?

நான் வாங்கியது வெறும் ஆக்சஸ் பாயின்ட் இல்லை, வீட்டு ரவுட்டர். அந்த ஒரு பெட்டிக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒயரில் வரும் நெட்டைக் காற்றில் அனுப்புகிறவர் ஒருவர்; அவர்தான் ஆக்சஸ் பாயின்ட். தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி பிரித்துக் கொடுப்பவர் இன்னொருவர், அவர்தான் டி.எச்.சி.பி. எனக்குத் தேவைப்பட்டது முதல் ஆள் மட்டும். ஆனால் இரண்டாவது ஆளும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். தொழிற்சாலையில் அப்படித்தான் வைத்து அனுப்புகிறார்கள்.

நம் லேபில் ஏற்கெனவே ஒரு பெரிய ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் முகவரி 192.168.1.1. நான் மாட்டிய பெட்டியின் முகவரி 192.168.0.1. ஒரு கம்ப்யூட்டர் விழித்தெழுந்தவுடன், "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுகிறது. பெரும்பாலும் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது. பெரிய ரவுட்டரிடம் வாங்கியவர்கள் பிழைத்தார்கள். என் பெட்டியிடம் வாங்கியவர்களுக்கு, "வெளியே போக வழி நான்தான்" என்று அது சொல்லி வைத்தது. ஆனால் அதன் வான் துளையில் ஒயரே இல்லை! வழி இல்லாத வீட்டுக்கு வழிகாட்டிப் பலகை வைத்த மாதிரி. முதல் நாள் சாயங்காலம் எங்கள் போன்களுக்கு நெட் வந்தது கூட பெரிய ரவுட்டர் முந்திக்கொண்டதால்தான். என் சாமர்த்தியம் அதில் துளியும் இல்லை.

இதற்கு மருந்து பத்து நிமிஷ வேலை. பெட்டியின் பக்கத்தை பிரவுசரில் திறந்து அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 அப்படியே இருக்கட்டும். டி.எச்.சி.பி.யை ஆஃப் செய்ய வேண்டும். பெரிய ரவுட்டர் பிரித்துக் கொடுக்கும் வரிசையில் இந்த 192.168.1.2 இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் லான் துளையில் ஒயரைச் சொருகினால் அது ஒழுங்கான ஆக்சஸ் பாயின்ட். இப்போது வரும் பல பெட்டிகளில் 'ஏ.பி. மோட்' என்று ஒரு வசதியே உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் டி.எச்.சி.பி.யைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

இன்னொரு வேதனையைச் சொல்கிறேன். அன்றைக்கு எந்த ஒரு சிஸ்டத்திலாவது 'ஐ.பி.கான்ஃபிக்' என்று ஒரே ஒரு வரி அடித்துப் பார்த்திருந்தால், 192.168.0 என்று தெரிந்திருக்கும். "இது யாருடா புது ஆளு?" என்று அந்த நிமிஷமே கேட்டிருப்போம். ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்கள் நாற்பது பேர் அங்கே இருந்தோம். அந்த ஒரு வரியை அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் வந்தால் என்ன ஆகும்?

முகவரி கொடுக்கும் வேலையில் இன்னொரு கணக்கும் உண்டு. டி.எச்.சி.பி.யில் 100 முதல் 199 வரை என்று வைத்திருந்தால் நூறு கருவிக்குத்தான் முகவரி. கல்லூரி விழாவுக்கு நூற்றைம்பது பேர் போனோடு வந்தால் நூற்றியோராவது ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. "சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் வரலையே" என்று அவர் பெட்டியைத் திட்டுவார். முதல் ஐம்பது பேர் எழுந்து வீட்டுக்குப் போனாலும், அவர்கள் வாங்கிய முகவரி குறிப்பிட்ட கெடு முடியும்வரை அவர்கள் பெயரிலேயே இருக்கும். அந்தக் கெடுவை ஒரு நாளிலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இது புதுப் பெட்டி வாங்கித் தீர்க்கும் விஷயம் இல்லை.

சானலும் அப்படித்தான். சானலுக்கு வாய்க்கால் என்றும் தமிழில் அர்த்தம் உண்டு. அந்த அர்த்தமே இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நமக்கு 13 சானல்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு வை-ஃபை பெட்டிக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சானலில் இரண்டு பெட்டி இருந்தால் அவை ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். வேகம் குறையும், சண்டை வராது. பக்கத்து ஆள் 1-ல் இருக்கும்போது நீங்கள் புத்திசாலித்தனமாக 3-ல் வைத்தால்தான் ஆபத்து. அவர் பேச்சு உங்களுக்குப் பேச்சாகக் கேட்காது, இரைச்சலாகக் கேட்கும். கரையை உடைத்து அடுத்தவர் வயலில் பாய்ந்த தண்ணீர் மாதிரி இருவருக்கும் பயனில்லாமல் போகும்.

பூட்டு இல்லாத வீடு

பரமத்தி பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பண்ணையில் கேமரா, வை-ஃபை எல்லாம் உண்டு. பெட்டியின் உள்ளே போக யூசர் பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'.

"மாமா, இதை மாத்திடலாமுங்களா?" என்றேன்.

"எதுக்கு மாப்ளே? கோழியும் முட்டையுந்தானே இருக்குது. கம்ப்யூட்டர்ல வந்து முட்டையா திருடப் போறான்?" என்று சிரித்தார்.

நல்ல கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. 2016-ல் 'மிராய்' என்ற ஒரு தீய மென்பொருள் உலகத்தையே உலுக்கியது. அதன் கையில் இருந்தது அறுபதுக்குச் சற்று அதிகமான தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் பட்டியல். அவ்வளவுதான்! அதை வைத்துக்கொண்டு உலகமெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அடிமைப் படையை ஏவித்தான் அந்த வருஷம் அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். மாமா வீட்டு முட்டையை யாரும் திருட வேண்டியதில்லை. மாமா வீட்டுக் கேமராவைக் கொண்டு ஊரைக் கெடுக்கலாம்.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலை கடைசியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் இப்படித் தாக்கப்பட்டன. தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள்தான் மாட்டிக்கொண்டன. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களை அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

பூட்டே போடாமல் திறந்து வைத்தால்? 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நின்றது. அவர் வீட்டு வை-ஃபைக்குப் பாஸ்வேர்டு இல்லை. வேறு யாரோ அதில் புகுந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இதன் பிறகுதான் 2009-ல் தொலைத்தொடர்புத் துறை வை-ஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி நெட் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

2005 ஜனவரியில்தான் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது. அதனால்தான் இன்று யாரையும் கேட்காமல் கடையில் பெட்டி வாங்கி மாட்டுகிறோம். லைசென்ஸ் வேண்டாம் என்றால் பொறுப்பும் வேண்டாம் என்று அர்த்தமா?

ஆகவே மாமாவின் பெட்டியில் நான் செய்தது இவ்வளவுதான். அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். வை-ஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 பூட்டுப் போட்டு, பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். பழைய டபிள்யூ.இ.பி. பூட்டு 2001-லேயே உடைந்துவிட்டது. அதை வைப்பதும் வைக்காததும் ஒன்று. பெட்டியில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பட்டனை அமுக்கினால் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்தினேன். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். கடைசியாகப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மாமாவின் பீரோவில் வைத்தேன். இதுவும் முக்கியம். ஒரே ஆளின் மனசுக்குள் மட்டும் இருக்கிற பாஸ்வேர்டு, அந்த ஆள் ஊருக்குப் போன நாளில் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும்.

"எல்லாம் தானாவே ஆயிடுதே!"

இதைப் படிக்கும் சில நண்பர்கள், "இதெல்லாம் பழைய கதை, இப்போ ஆப்பை வச்சு ரெண்டு நிமிஷத்துல செட் ஆயிடும்" என்பார்கள். ஓரளவு உண்மைதான். இப்போது பல பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்டு ஸ்டிக்கரிலேயே வருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கவே கூடாது என்று சட்டம். நல்ல மாற்றம். ஆனால் ஆப்புக்கு உங்கள் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரைப் பற்றி என்ன தெரியும்? நூற்றைம்பது பேர் வரப்போவது தெரியுமா? நாளைக் காலை தேர்வு என்பது தெரியுமா? அதைத் தெரிந்து வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

"நெட் குடுக்கிறவங்க வந்து போட்டுத் தருவாங்க" என்பது இன்னொரு பதில். அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு நாளைக்கு அவர் எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும்! நெட் ஓடினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். மிச்ச வேலையை யார் செய்வது?

"இது இன்ஜினியரிங் படிச்சவங்க வேலை" என்பது மூன்றாவது. இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். பாலிடெக்னிக்காரனின் பெருமையே கை வேலைதான். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரரிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை. அவர் கட்டிய வண்டி எங்கெங்கோ போய் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறது. அந்த ஊரில் படித்துவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து நாலு எண்ணை மாற்ற நாம் வேறு ஆளைத் தேடினால் நியாயமா?

வேலையும் இருக்கிறது நண்பர்களே. 2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம்.-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி டீக்கடையோ மளிகைக்கடையோ லைசென்ஸ் இல்லாமல், கட்டணம் கட்டாமல் பொது வை-ஃபை கொடுக்கலாம். ஒவ்வொரு கடைக்கும் பெட்டியை ஒழுங்காக அமைத்துத் தர ஒரு ஆள் வேண்டாமா? சேகோ ஆலை, தறிக்கூடம், கோழிப்பண்ணை, பாடி பட்டறை என்று எங்கே பார்த்தாலும் பெட்டி மாட்டிவிட்டார்கள். அநேகமாக எல்லாம் சேஸ் நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கை

ஒன்று: ஒவ்வொரு மாணவனும் ஒரு பெட்டியைத் தன் கையால் அமைக்க வேண்டும். ரீசெட் துளையில் குண்டூசியை வைத்து அழுத்தி, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, முகவரி, டி.எச்.சி.பி., பெயர், பூட்டு, சானல் எல்லாம் அவனே வைக்க வேண்டும். ஒருவர் செய்ய மற்றவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்து ரெக்கார்டு எழுதும் வழக்கம் போதும்.

இரண்டு: வேண்டுமென்றே கெடுத்துப் பழக வேண்டும். தனியாக ஒரு ஸ்விட்சில் இரண்டு டி.எச்.சி.பி.யை ஓடவிட்டு, "கண்டுபிடி" என்று விடுங்கள். நான் கற்றுக்கொண்ட பாடத்துக்குப் பதினாறு பேர் விலை கொடுத்தார்கள். அடுத்தவர்கள் அதை லேபிலேயே இலவசமாகக் கற்கட்டும்.

மூன்று: கல்லூரியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நோட்டில் பக்கம் ஒதுக்குங்கள். எங்கே இருக்கிறது, என்ன முகவரி, எந்தச் சானல், யார் மாட்டினார், எந்தத் தேதி. அந்த நோட்டு அன்று இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் என் பெயரில் வந்து நின்றிருப்பார்கள். நல்லதாகப் போயிருக்கும்.

அந்தப் பெட்டி இன்னும் கருத்தரங்குக் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறது. அடியில் என் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: "192.168.1.2. டி.எச்.சி.பி. ஆஃப். சானல் 11." தேர்வு முடிந்த அடுத்த வாரம் சாரிடம் அனுமதி வாங்கி, பள்ளிபாளையத்து நண்பனும் நானும் சேர்ந்து அமைத்தோம். எண்களை அவன் சொல்ல, நான் அடித்தேன். இந்த வருஷம் அதே லேபில் நடந்த இன்னொரு கம்பெனித் தேர்வில் நாற்பது சிஸ்டமும் ஓடின. ஆனால் இந்த முறை தேர்வு எழுதியவர்கள் வேறு நாற்பது பேர்.

தம்பி, தங்கைகளே! நாங்கள் போகிறோம். அந்தப் பெட்டி உங்களுடையது. ஸ்டிக்கரில் இருப்பதை நம்பிவிடாமல் ஒருநாள் உள்ளே போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

– இறுதியாண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை